சம்பளம் கூட்டிக் கேட்கப் போகுமுன்

காத்தான்குடியில் தையல் கடையிலோ புடைவைக் கடையிலோ வேலை செய்யும் நம் சகோதரிகள் பலருக்கு முதலாளி சொந்தக்காரராகவே இருப்பார். "காக்காக்கிட்ட எப்படிக் கேக்கிற?" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். ஸூரத்துல் கஸஸைப் பாருங்கள். மூஸா நபி (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தும்படி தகப்பனிடம் சொன்னதே ஒரு பெண்தான். மருமகனாகப் போகிறவரிடமும் அந்தப் பெரியவர் எட்டு வருடம், விரும்பினால் பத்து என்று முதலிலேயே பேசிக்கொண்டார்.

உரிமை எது, உயர்வு எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல் சட்டப்படி ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய், நாட்கூலி 1,200. அதற்குக் கீழே வாங்குபவர் கேட்பது உயர்வே அல்ல. அந்த 30,000க்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 3,600 ரூபாயை முதலாளி தம் கையிலிருந்து கட்ட வேண்டும். உங்களிடம் அதற்காக வெட்டக் கூடியது 2,400 மட்டுமே.

அதற்கு மேல் கேட்பதற்குத்தான் ஆயத்தம் வேண்டும். மூன்று மாதம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: தைத்த அபாயா எத்தனை, பெருநாளுக்கு முன் பிந்தி நின்ற மணித்தியாலம் எத்தனை, புதிய பிள்ளைக்கு எதைப் பழக்கினீர்கள். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுதால் ஸதகா கிடைக்கும், சம்பளம் கூடாது!

பெருநாள் வியாபாரம் முடிந்து கணக்குப் பார்க்கும் கிழமையில், உம்மாவையோ ராத்தாவையோ கூட்டிக்கொண்டு போய், தொகையைச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் தொகையையும் தொடங்கும் மாதத்தையும் அந்தக் கொப்பியிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.