வைஃபையில் சேராத கேமரா

வீட்டுக் கேமரா வைஃபையில் சேரவில்லை என்றதும் பலர் ஊக்கை எடுத்து அதன் ரீசெட் துளையில் குத்திவிடுகிறார்கள். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. இரண்டாயிரம் ரூபாய்க் கேமராவானாலும் உள்ளே இருக்கும் வைஃபை சிப் லேசில் கெடாது. தகராறு அநேகமாக ரவுட்டரில் இருக்கும், இல்லையென்றால் கேமராவை இணைக்கப் பார்க்கும் போனில், அதுவும் இல்லையென்றால் அடாப்டரில். ரீசெட் செய்தால் கேமராவில் ஏற்கெனவே பதிந்திருந்த வைஃபை விவரமும் அழிந்து, சின்னத் தகராறு பெரிய தகராறாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கேமரா புதிதா, இதுவரை ஒருமுறைகூடச் சேரவில்லையா? அல்லது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஆஃப்லைன் ஆகிவிட்டதா? இரண்டுக்கும் காரணங்கள் வேறு. முதல் வகையில் கோளாறு பெரும்பாலும் அமைப்புகளில் இருக்கும். இரண்டாவது வகையில் ஏதோ மாறியிருக்கிறது. மாறியது என்ன என்று தேட வேண்டும்.

எந்த வகையானாலும் உதவும் சோதனை ஒன்று உண்டு. வீட்டில் இன்னொரு போனை எடுத்து அதில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் போனால் 2.4, 5 என்று இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் காட்டும். 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் 12-இலும் அதற்குப் பிறகு வந்த ஐபோன்களிலும் அதே இடத்தில் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை இயக்கினால் போதும். பெயர் எளிதாக, கடவுச்சொல் எட்டு எழுத்தில், இடையில் குறியீடு எதுவும் இல்லாமல் வையுங்கள். இப்போது கேமராவை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்துவிட்டால் கேமரா, அடாப்டர், ஆப் மூன்றும் சரி, குற்றவாளி ரவுட்டர். ஓடிக்கொண்டிருந்த கேமராவைச் சோதிக்க ரீசெட்கூடத் தேவையில்லை. உங்கள் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்து, ரவுட்டரைச் சற்று அணைத்துவிட்டால் கேமரா அதைப் பழைய வீட்டு வைஃபை என்றே நினைத்துச் சேர்ந்துகொள்ளும். சர்வீஸ் ஆளைக் கூப்பிடுமுன் இதைச் செய்துவிட்டால் ‘கேமராதான் சார் ரிப்பேர்’, ‘இல்லை, நெட்தான் ரிப்பேர்’ என்று இரண்டு பக்கமும் பந்தைத் தட்டிவிடும் வேலை நடக்காது.

ரவுட்டர்தான் என்று தெரிந்துவிட்டால் முதல் சந்தேகம் அலைவரிசை மேல். இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பின் ரவுட்டர்களில் பெரும்பாலானவை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒலிபரப்புகின்றன. விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். இது குறையும் இல்லை. 2.4-இன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5-இன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. சுவர்களைத் தாண்டி வாசல் வரை போக 2.4-தான் தோது. வேகம் குறைவு என்றாலும் கேமராவுக்கு அது போதும்.

ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் பிரச்சினை சுலபம். பெயரின் கடைசியில் 5ஜி என்று ஒட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு மற்றதில் சேருங்கள். (சிம் கார்டில் வரும் 5ஜி வேறு, இது வேறு. ‘என் போன் 5ஜி, கேமராவும் 5ஜியில்தான் வேண்டும்’ என்று அடம்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.) சிக்கல், இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டர்களில். பல கேமராக்கள் முதல்முறை சேர்வது ஒட்டுக்கேட்டுத்தான். நீங்கள் ஆப்பில் கடவுச்சொல்லைத் தட்டியதும் போன் அதைச் சிறு சிறு பொட்டலங்களாகக் காற்றில் அனுப்புகிறது. கேமரா அவற்றின் நீளங்களைக் கவனித்து, அதிலிருந்து கடவுச்சொல்லைக் கோத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் போன் 5-இல் இருந்தால், 2.4-இல் காது வைத்திருக்கும் கேமராவுக்கு ஒன்றும் கேட்காது. ஆப் நூறு விழுக்காடு வரை சுற்றிவிட்டுத் ‘தோல்வி’ என்று காட்டும். போதாததற்கு, சில ரவுட்டர்கள் எல்லாக் கருவிகளையும் 5-க்குத் தள்ளப் பார்க்கும். 2.4-இல் கதவைத் தட்டும் கேமராவுக்குச் சற்று நேரம் பதிலே சொல்லாமல் இருக்கும்.

இதற்கு மருந்து: உலாவியில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டருக்குள் போய் (சில ரவுட்டர்களில் முகவரி வேறாக இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் இருக்கும்) 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டுக் கேமராவைச் சேர்ப்பது. சேர்ந்த பிறகு மறுபடி இயக்கிக்கொள்ளலாம். உள்ளே போக வழியில்லை என்றால் இணைப்பு தந்தவர்களின் வாடிக்கையாளர் சேவையில் சொன்னால் அவர்கள் அங்கிருந்தே பெயரைப் பிரித்துத் தருவார்கள்.

உள்ளே போன கையோடு இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 என்றிருக்கிறதா? அது 2018-இல் அறிமுகமானது. பழைய கேமராக்களுக்குப் புரியாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். அடுத்தது சேனல். இந்தியாவில் 2.4-க்கு 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு, வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த சில கேமராக்கள் 11-க்கு மேல் எட்டிப் பார்க்காது. ரவுட்டர் தானாக 12, 13-க்குப் போய் உட்கார்ந்தால் அந்தக் கேமராவுக்கு உங்கள் வைஃபை இருப்பதே தெரியாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுவது நல்லது.

வைஃபை பெயரைத் தமிழில் வைக்கலாமா? ரவுட்டர் அனுமதிக்கும். ஆனால் பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதன் மேல் வரும் புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தலா மூன்று பைட் போகும். ‘நம் வீடு’ என்ற சின்னப் பெயரே 22 பைட்டைத் தின்றுவிடும். அப்படியே அடங்கினாலும் மலிவு விலைக் கேமராக்களில் பல அந்தப் பெயரைச் சரியாகப் படிப்பதில்லை. ஆசை தமிழில் இருந்தாலும் கேமராவுக்காக இங்கே ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சோதனை ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால் போனைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டில் பக்கத்து வைஃபைகளைத் தேட ஆப்புக்கு இருப்பிட அனுமதி வேண்டும். ‘கேமராவுக்கு என் இருப்பிடம் எதற்கு’ என்று மறுத்திருந்தால் தேடலில் ஒன்றும் வராது. ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ‘லோக்கல் நெட்வொர்க்’ என்று தனி அனுமதி கேட்கும், அதையும் மறுத்திருக்கலாம். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். சில கேமராக்கள் தாமே ஒரு வைஃபையை உருவாக்கி, போனை அதில் சேரச் சொல்லும். அதில் இணையம் இல்லாததால் போன் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், கேமரா காத்துக்கொண்டே நிற்கும். டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்தால் சரியாகும். கியூஆர் காட்டும் வகை என்றால் போன் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸ் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இனி, ஓடிக்கொண்டிருந்த கேமரா நின்றுபோகும் கதை. இது பெரும்பாலும் பிள்ளை சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் ஊரில் இருக்கும் வீடுகளில் நடக்கிறது. ஆஃப்லைன் என்று முதலில் பார்ப்பது மகன்.

“அப்பா, அந்த வெள்ளைப் பெட்டியில சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க.”

“நாலஞ்சு லைட் எரியுதுடா. நீ எதைக் கேக்குற?”

கேட்கவேண்டியது ரவுட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கை. அது சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியாக வெளிச்சம் வரவில்லை என்று பொருள். எங்கோ கேபிள் அறுந்திருக்கும் அல்லது பெட்டிக்குப் பின்னால் மடங்கியிருக்கும். கேமராவைத் தொட வேண்டாம், இணைப்புக்காரருக்குப் புகார் கொடுத்தால் போதும். எல்ஓஎஸ் அணைந்திருந்து பான் என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிந்தால் ஃபைபர் வரை சரி.

அடுத்த கேள்வி: ‘யாராவது வந்து பெட்டியை மாற்றினார்களா?’ மாற்றியிருந்தால் புதுப் பெட்டிக்குப் புதுப் பெயர், புதுக் கடவுச்சொல். போன்களில் எல்லாரும் மாற்றிக்கொண்டிருப்பார்கள், கேமராவை நினைத்திருக்க மாட்டார்கள். இதற்கு ஒவ்வொரு கேமராவையும் ஏணி போட்டு இறக்கி ரீசெட் செய்யத் தேவையில்லை. புதுப் பெட்டிக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறாமல் வைத்துவிட்டால், எல்லாக் கேமராவும் தாமாக வந்து சேரும். பெட்டி மாற்ற வரும் ஆளிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

கரண்ட் போய் வந்த பிறகு ஆஃப்லைன் என்றால், கேமரா முந்திக்கொண்டு எழுந்து, ரவுட்டர் தயாராகுமுன் தேடிக் களைத்துப்போயிருக்கலாம். பெரும்பாலானவை மறுபடி முயலும், சில முயலாது. ரவுட்டரில் நெட் வந்ததை உறுதிசெய்துகொண்டு கேமராவின் பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள்.

பகலெல்லாம் நன்றாக ஓடி, இருட்டியதும் ஆஃப்லைன் ஆகும் கேமரா பலரைக் குழப்புகிறது. சாயங்காலம் கேமராவுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரவுப் பார்வைக்கு மாறும்போது லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன வடிகட்டி விலகும் சத்தம் அது. அதோடு அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்சாரத் தேவை கூடும். அடாப்டர் பலவீனமாக இருந்தால், அல்லது அடாப்டரிலிருந்து கேமரா வரை நீளமான மெல்லிய யூஎஸ்பி வயர் போட்டிருந்தால், வோல்டேஜ் சரிந்து கேமரா அணைந்து எழும். எழுந்ததும் மறுபடி ‘டக்’, மறுபடி சரிவு. வைஃபை இங்கே பாவம். ஆப்பில் இரவுப் பார்வையை அணைத்து, வாசல் விளக்கைப் போட்டுவைத்து ஓர் இரவு பாருங்கள். ஆஃப்லைன் ஆகவில்லை என்றால் அடாப்டரையோ வயரையோ மாற்ற வேண்டும். கேமராவின் பெட்டியில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பழைய போன் சார்ஜரை ஒப்பேற்றாதீர்கள்.

அடிக்கடி விட்டு விட்டு வருவது தூரத்தால். ஆப்பின் அமைப்பில் சிக்னல் அளவைக் காட்டினால் பாருங்கள். மைனஸ் 50 அருமை, மைனஸ் 70 ஓரம், மைனஸ் 80 என்றால் தேறாது. செங்கல் சுவர் ஓரளவு விடும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவை பெரிதும் தடுக்கும். ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து உயரத்தில் வைத்தாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும். மாடிக்கும் கேட்டுக்கும் எட்டவில்லையா, கேமராவில் லேன் துளை இருந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும். எக்ஸ்டெண்டர் வாங்குவதைவிட அதுவே மேல் என்பேன்.

ஓர் ஆறுதல்: கேமராவில் மெமரி கார்டு இருந்தால், பெரும்பாலான கேமராக்கள் நெட் இல்லாதபோதும் அதில் பதிவு செய்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரம் ஏதாவது நடந்திருந்தால் முதலில் கார்டை எடுத்து லேப்டாப்பில் பாருங்கள், ஃபார்மேட் செய்யவா என்று ஆப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கைமாறி வந்த கேமரா என்றால் இன்னொரு தடை உண்டு. பல கம்பெனிகளில் கேமரா முதலில் பதிந்தவரின் கணக்கோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். வைஃபையில் சேர்ந்துவிட்டு, ‘வேறு கணக்கில் இருக்கிறது’ என்று நிற்கும். ரீசெட் செய்தாலும் இந்தக் கட்டு அவிழாது. பழைய உரிமையாளர் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும்.

நல்ல அடாப்டர் போட்டு, 2.4 ஹாட்ஸ்பாட்டில், போனும் சரியாக இருந்து, ரீசெட்டும் செய்து, இன்னும் சேரவில்லை என்றால் கேமராதான் போயிருக்கிறது. திறந்து பார்க்காதீர்கள், வாரண்டி போய்விடும். கடையில் கொடுக்குமுன் மெமரி கார்டை எடுத்துவிட்டு, உங்கள் ஆப்பிலிருந்தும் அந்தக் கேமராவை நீக்கிவிடுங்கள்.