பள்ளிப் பிள்ளைகளும் வர்ணக் கண்ணாடிச் சாளரமும்



பகல் வேளையில் ஒரு பழைய தேவாலயத்தின் வெளியே நின்று அதன் வர்ணக் கண்ணாடிச் சாளரத்தைப் பார்த்தவர்கள், அதிலே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றே எண்ணியிருப்பார்கள். கண்ணாடி கருநிறமாகத் தோன்றும். அதனிடையே ஓடும் ஈயக் கோடுகள் தூசி படிந்த கம்பிகள்போற் காணப்படும். உள்ளே சென்று திரும்பிப் பார்த்த பின்னரே அது ஒரு சித்திரம் என்பது விளங்கும். சுவரில் எழுதிய சித்திரம் தன்மீது விழும் ஒளியைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. கண்ணாடிச் சித்திரமோ ஒளியைத் தன்னூடே செல்லவிடுகிறது. செல்லும்போது சில நிறங்களைத் தடுத்து, சிலவற்றுக்கு மாத்திரம் வழிவிடுகிறது.

எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவதற்குப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டம் ஏற்றும் சிறுவன், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்த சிவப்புத் தாள் எப்படிச் சுடர்விடும் என்பதை அறிவான். வெசாக் காலத்திலே மூங்கிற் சட்டத்தின்மீது மெல்லிய வர்ணத்தாள் ஒட்டிக் கூடு கட்டும் சிறுமியும் அறிவாள். அந்தக் கூட்டிலே மூங்கில் செய்யும் வேலையையே சாளரத்தில் ஈயம் செய்கிறது. ஆகவே, ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு வர்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றுக்குச் சித்திரம் வகுப்பது எங்ஙனம் என்று நான் இன்று பேச முற்படுவதை, அந்நியமான பொருளென்று நீங்கள் எண்ணவேண்டாம்.

முதலிற் சாளரம் செய்யப்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறம் கண்ணாடியின்மேற் பூசப்படுவதன்று. கண்ணாடி உருகி உலையில் இருக்கும்போதே அதனுட் கலக்கப்படுவது. கோபாற்றுச் சேர்ந்தால் நீலம் பிறக்கும். மங்கனீசு சேர்ந்தால் ஊதா. செம்பு, உலையின் நிலைக்கேற்பப் பச்சையையோ சிவப்பையோ தரும். இதனாலேதான் பிரான்சு தேசத்து ஷார்த்ர் பேராலயத்திலே 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பொருத்தப்பட்ட நீலம் இன்னும் நீலமாகவே இருக்கிறது. முகம், கைவிரல், ஆடையின் மடிப்பு ஆகிய நுண்ணிய கோடுகளை மட்டும், உலோகத்தூளும் கண்ணாடித்தூளும் கலந்த கருஞ்சாந்தினால் எழுதி, 600 பாகை சென்ரிகிறேட்டுக்கு மேற்பட்ட சூட்டிலே சூளையில் வைத்துப் பதிப்பார்கள்.

சாளரத்தின் முழு அளவுக்கு ஒரு சித்திரம் தாளில் வரையப்படும். அதன்படி கண்ணாடிகள் துண்டு துண்டாக வெட்டப்படும். துண்டுகளை இணைப்பதற்கு ஈயக் கீற்றுகள் உண்டு. இருபுறமும் பள்ளம் உடையவை. ஒரு பள்ளத்தில் ஒரு துண்டும் மறுபள்ளத்தில் அடுத்த துண்டும் செருகி நிற்கும். கீற்றுகள் சந்திக்கும் இடங்களிற் பற்றாசு வைத்து, இடுக்குகளிலே சுண்ணப்பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த மாவை அழுத்தி நிரப்பி, பெரிய சாளரமானாற் குறுக்கே இரும்புச் சட்டமும் கொடுப்பார்கள். வேலை இவ்வளவே.

ஆனால் இந்த முறை சித்திரகாரனுக்குச் சில கட்டளைகளை இடுகிறது. கண்ணாடியிலே உள்மூலை வெட்ட முடியாது. ட என்ற எழுத்தின் வடிவில் ஒரு துண்டு வேண்டுமென்று வெட்ட முயன்றால், அந்த மூலையிலிருந்தே விரிசல் ஓடும். ஐந்து முனை நட்சத்திரத்தை ஒரே கண்ணாடியில் வானத்தின் நடுவே பதிக்க இயலாது. சுற்றியுள்ள வானத்தையும் துண்டுகளாகப் பிரித்தாக வேண்டும். மெலிந்த கழுத்துடைய வடிவம் ஒடியும். ஈயக்கோடு கண்ணாடியின் நடுவே திடீரென்று நின்றுவிடவும் கூடாது. அது எங்கிருந்தோ வந்து, இன்னொரு கோட்டையோ ஓரத்தையோ சென்று சேரவேண்டும்.

இக்கட்டளைகளைப் படித்த சித்திரகாரர்களே மறந்துபோவதுண்டு. ஹென்றி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியரின் பெயரை நேயர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1869இற் பிறந்த அவர், 1941இல் ஒரு பெரிய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பின்னர் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தே வேலை செய்தார். உதவியாளர் வர்ணம் பூசிக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சித்திரம் அமைப்பது அக்காலத்தில் அவர் கைக்கொண்ட வழி. நீஸ் நகரத்தை அடுத்த வான்ஸ் என்னும் ஊரிலே கன்னியாஸ்திரீகளுக்காக அவர் வகுத்த சிற்றாலயத்தின் சாளரங்களும் இவ்வாறே வெட்டிய தாள்களாற் பிறந்தவை. தொடக்கத்தில் அவர் வகுத்த மாதிரிகளில் ஒன்று, ஈயக் கோடுகளுக்கு இடம் வைக்க அவர் மறந்துவிட்டமையாற் கைவிடப்பட்டது. உலகப் புகழ் பெற்ற, எண்பதை அணுகிய ஒருவருக்கு நேர்ந்தது இது! அவர் சலிப்படையாது மீண்டும் தொடங்கினார். இறுதியில் அமைந்த சாளரத்தில் மூன்றே நிறங்கள்: மஞ்சள், பச்சை, நீலம். பச்சையும் நீலமும் தெளிந்த கண்ணாடி; மஞ்சள் மட்டும் பார்வை ஊடுருவாத மங்கற் கண்ணாடி. 1951ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த ஆலயம் திறந்து வைக்கப்பட்டது.

மத்தீஸ் முதுமையில் வந்து சேர்ந்த இடத்திலே பத்து வயதுப் பிள்ளை இயல்பாகவே நிற்கிறது. பிள்ளை வரையும் படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளையும் சுற்றித் தடித்த கோடு. உள்ளே ஒரே நிறம். நிழல் இல்லை, தூரம் இல்லை. மீன் மீனாகவும் வீடு வீடாகவும் முழுமையாக இருக்கும். கண்ணாடி வேண்டுவதும் அதுவே. வளர்ந்தவர்கள் கற்றுக்கொண்ட நிழலும் தூரக்காட்சியும் இங்கே பாதி உதவா. ஆகவே ஆசிரியர் பிள்ளைக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: கண்ணாடியால் இயலாதது எது என்பது. எதை வரைவது, எந்த நிறத்தில் வரைவது என்பவை பிள்ளையின் விடயம்.

இதனை வகுப்பிலே காட்டுவதற்கு நான் கண்ட நல்ல வழி கறுப்பு மட்டைத்தாளும் பட்டம் கட்டும் தாளும். பிள்ளை முதலில் வெண்ணிறச் சுண்ணக்கட்டியாற் கறுப்புத் தாளிற் படத்தை வரையட்டும். பின்னர் ஒவ்வொரு கோட்டையும் விரலகலத்துக்குத் தடிக்கச் செய்து, இடையிலுள்ளவற்றை வெட்டி எடுக்கட்டும். எங்கும் தொடாமல் நிற்கும் கோடு எதுவோ, அது தானாகவே கீழே விழுந்துவிடும். சூரியனுக்குக் கண்ணும் வாயும் வைத்த பிள்ளை, அந்தக் கண்ணும் வாயும் மேசையில் விழுந்து கிடப்பதைக் கண்டு திகைக்கும். ஈயக்கோடு ஏன் தொடர்ந்து செல்லவேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த பாடம் கிடையாது. பின்புறத்தில் வர்ணத் தாள் ஒட்டி யன்னலில் வைத்தால் வேலை முடிந்தது.

எகிப்து தேசத்திலே றம்சிஸ் வீசா வாசெப் என்ற கட்டடக் கலைஞர், 1950களின் தொடக்கம் முதல், பிரமிட்டுகளுக்கு அண்மையிலுள்ள ஹரானியா என்ற கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டு சித்திரக் கம்பளங்கள் நெய்வித்தார். முன்கூட்டி வரைந்த படம் கூடாது, பிறர் ஓவியங்களைப் பார்த்து நெய்தல் கூடாது, பெரியவர்களின் குறைகூறல் கூடாது என்பன அவர் வகுத்த விதிகள். முதலாவது விதி எங்களுக்குப் பொருந்தாது. முன்கூட்டி வரையாமற் கண்ணாடி வெட்ட வழியில்லை. மூன்றாவது விதியோ முழுவதும் பொருந்தும். அதனை நான் ஒருமுறை மீறியதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கிழக்குக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றிலே இவ்வேலையை ஐந்தாம் வகுப்பில் நடத்தியபோது, ஒரு சிறுவன் தோணியொன்றை வெட்டி, கடலுக்கு மஞ்சள் தாள் ஒட்டத் தொடங்கினான். “தம்பி, கடல் நீலமல்லவா?” என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மஞ்சளை எடுத்துவிட்டு நீலத்தை ஒட்டினான். பெற்றோர் பார்க்க வந்த நாளிலே மற்றப் பிள்ளைகள் தாய்மாரைக் கையிற் பிடித்து இழுத்துச் சென்று, தத்தம் படத்தைக் காட்டினார்கள். அவன் தன் தாயை அந்த யன்னலண்டை அழைத்துச் செல்லவில்லை. அவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. விடியுமுன்னே தந்தையின் தோணி கரையேறுவதைப் பார்ப்பவன். அந்தக் கரையிலே சூரியன் எழும் வேளையிற் கடல் மஞ்சளாகத்தான் இருக்கும். உள்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த நான் அந்த நேரத்திற் கடற்கரைக்குப் போனதேயில்லை.

இனி, மெய்யான கண்ணாடியில் ஒரு சாளரம் செய்விக்க ஒரு பாடசாலை முன்வந்தால் எழும் சிக்கல் வேறு. முப்பது பிள்ளைகள் வரைவார்கள், சாளரமோ ஒன்று. அடிக்கடி நடப்பது யாதெனில், முப்பது படங்களிலிருந்தும் இங்கொரு பறவையும் அங்கொரு பூவுமாகப் பொறுக்கி, பெரியவர் ஒருவர் தம் கைவண்ணத்தாற் புதிய படமொன்றை வரைந்து, கீழே ‘மாணவர் வகுத்தது’ என்று எழுதிவிடுவது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பறவையை வரைந்த பிள்ளைக்கு அது தன் பறவையன்று என்பது தெரியும்.

இதனைத் தவிர்க்க வழியுண்டு. எங்கள் பாடசாலை யன்னல்கள் பலவும் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டவையே. பிள்ளைக்கு ஒரு சதுரம் என்று கொடுத்து, எல்லாச் சதுரத்துக்கும் ஓரத்து நிறத்தை மாத்திரம் வகுப்பே கூடித் தீர்மானிக்கலாம். அல்லது ஒரு பிள்ளையின் படத்தை முழுமையாகத் தெரிந்தெடுத்து, மற்றவர்கள் கண்ணாடித் துண்டுகளைத் தேர்ந்து கொடுக்கலாம். தெரிவை மேசைமீது வைத்துச் செய்யாதீர்கள். மேசையில் நுணுக்கமான, துப்புரவான படமே வெல்லும். எல்லாவற்றையும் ஒளிக்கு எதிரே தொங்கவிட்டு இருபது அடி தள்ளி நின்று பார்த்தால், நுணுக்கங்கள் மறைந்துபோக, பின் வாங்கிலிருந்த பிள்ளையின் பெரிய நண்டு ஒன்று முன்னுக்கு வந்து நிற்கும். அதை முதலிற் காண்பவர்களும் பிள்ளைகளே.

கண்ணாடி வெட்டுவதையும் ஈயம் இணைப்பதையும் தொழில் அறிந்தவரிடமே விடவேண்டும். ஈயம் நஞ்சு, அதன் தூளும் புகையும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குபவை என்பது இன்று ஐயமின்றித் தெரிந்த செய்தி. ஆனால் கண்ணாடி தெரியும் நாளிற் பிள்ளைகள் கட்டாயம் உடனிருக்கவேண்டும். கடையிலே மின்விளக்கின்கீழ் நன்றாயிருந்த நீலம், மேற்கு வெயிலில் வேறாகவும் வடக்கு வெளிச்சத்தில் வேறாகவும் தோன்றும். ஐரோப்பாவின் மங்கிய வானத்துக்கென்று செய்த இளநிறங்கள் எங்கள் உச்சி வெயிலில் வெளிறிப்போவதுமுண்டு. ஓரங்கள் தேய்க்கப்பட்ட மாதிரித் துண்டுகளை அதே யன்னலில், அதே நேரத்திற் பிடித்துப் பார்த்துத் தெரியட்டும்.

தெரிந்தெடுக்கப்படாத படங்களை என்ன செய்வது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். வான்ஸ் ஆலயத்துக்கென்று மத்தீஸ் தொடக்கத்தில் வகுத்து, பின்னர் அங்கே இடம்பெறாது போன மாதிரிகளுள் ‘தேனீக்கள்’ என்ற ஒன்றும் உண்டு. 1954இல் அவர் காலமானார். மறு ஆண்டு அந்தச் சித்திரம், அவர் பிறந்த ஊராகிய லெ கத்தோவிலே, சின்னஞ்சிறார் படிக்கும் பாலர் பாடசாலையொன்றின் சாளரமாயிற்று. உங்கள் வகுப்புப் படங்களையும் சுருட்டி அலுமாரியில் வைத்துவிடாமல், பாடசாலையின் மற்ற யன்னல்களிலே ஒட்டிவிடுங்கள். பட்டத்தாளை வெயில் வெளிறச் செய்வதற்குச் சிறிது காலமாவது செல்லும்.