நடுக்கு வாதமும் கண் பார்வையும்

நடுக்கு வாதம் என்ற மாத்திரத்தில் நமக்கெல்லாம் கைதான் நினைவுக்கு வருகிறது. டபராவிலிருந்து காபி தளும்புவதும், கையெழுத்து வரவரச் சிறுத்துப் போவதும், நடை குறுகித் தளர்வதும் யாவரும் கண்டவை. ஆனால் இவ்வியாதி கண்ணையும் தொடும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாததனால் நேரும் கஷ்டம் கொஞ்ச நஞ்சமல்ல.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுக் குடியேறியவர்கள் அநேகர். காலைப் பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் படிக்கும் பெரியவர்களை இங்கே எந்த வீதியிலும் காணலாம். அத்தகைய ஒருவருக்கு நடுக்கு வாதம் கண்டிருக்கிறதென்று வைத்துக் கொள்வோம். ஒரு நாள் அவர் பத்திரிகையை மடித்து வைத்து, "எழுத்து இரண்டாகத் தெரிகிறதப்பா, வரி தவறிப் போகிறது" என்கிறார். பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகிறார். புதுக் கண்ணாடி வருகிறது; குறை போகவில்லை. சில மாதத்தில் இன்னொரு கண்ணாடி. அதற்கும் பிறகு, "வயசாகி விட்டது, என்ன செய்வது?" என்று பேச்சு முடிகிறது. பெரியவர் படிப்பதையே விட்டு விடுகிறார்.

வயதின் மேல் பழி போட்டது தவறு. நோயின் வேலை அது. அதில் பெரும்பகுதிக்குப் பரிகாரமும் உண்டு.

ஒரே பொருள், இரண்டு இடங்கள்

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் வைத்தியர் இந்நோயை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். உலகம் இன்று அவர் பெயராலேயே நோயை வழங்குகிறது. நம் ஆயுர்வேதத்தார் இதைக் கம்பவாதம் என்பார்கள்.

மூளையின் நடுப்பாகத்தில் கருநிறமான சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் ரசாயனப் பொருளை உண்டாக்குகின்றன. அவை படிப்படியாக நசித்துப் போவதனால்தான் உடல் நடுங்குகிறது, விறைக்கிறது, மந்தமாகிறது. இதே டோபமின் கண்ணின் விழித்திரையிலும் வேலை செய்கிறது. ஒளியையும் நிழலையும் பேதப்படுத்தி அறிய அது துணை புரிகிறது. ஆகவே டோபமின் குறைந்தால் கையோடு கண்ணும் வருந்துவதில் வியப்பில்லை.

இங்கே நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவே இந்நோய்க்கு இன்றும் தலையாய மருந்து. நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து அப்பொருளை 1937-ல் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நடுக்கு வாதத்துக்கு அது உதவும் என்று மேனாட்டார் கண்டது 1960-க்குப் பின்னர்தான். இதைப் படித்துவிட்டு யாரும் விதையைத் தாமே அரைத்து உண்ணப் புறப்பட வேண்டாம். அளவு தவறினால் மருந்தே தீங்காகும்.

கண்ணில் தோன்றும் குறைகள்

ஆரோக்கியமானவர் நிமிஷத்துக்குச் சுமார் பதினைந்து இருபது தடவை கண் இமைக்கிறார். இந்நோயில் அது பாதிக்கும் கீழே குறைந்து விடுவதுண்டு. அதனால் கண் உலர்ந்து எரிகிறது; மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. உலர்ந்த கண்ணிலிருந்தே நீர் வடிவதும் உண்டு. வைத்தியர் தரும் சொட்டு மருந்து இதற்கு நல்ல பலனளிக்கும்.

அருகிலுள்ள எழுத்தைப் படிக்க இரு விழிகளும் உட்பக்கம் கூட வேண்டும். அவை சரியாகக் கூடாவிட்டால் எழுத்து இரட்டையாகத் தெரியும். ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரிக்குத் தாவ வேண்டிய பார்வை பாதி வழியில் நிற்பதனால் வரி தவறுகிறது. படிப்பதற்கென்றே தனிக் கண்ணாடியும், வேண்டுமானால் பட்டகக் கண்ணாடியும் உதவும். வரியின் கீழே ஓர் அளவுகோலை வைத்துக் கொண்டு படிப்பதும் நல்ல உபாயமே.

மூன்றாவது குறை சோதனையிலும் எளிதில் அகப்படாது. வெள்ளைப் பலகையில் கறுப்பாக எழுதிய எழுத்தைப் பெரியவர் சரியாகவே படித்து விடுவார். ஆனால் சாம்பல் நிறச் சிமெண்டுப் படியில் ஒரு படி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அவருக்குத் தெரியாது. வாழையிலையில் இட்ட சோறு தெரியும். வெள்ளைத் தட்டில் இட்ட மோர்ச் சாதம் தெரியாது. படியின் ஓரத்தில் மஞ்சள் வர்ணக் கோடு இழுத்தால் ஒரு விழுக்காட்டைத் தடுக்கலாம். வாசற்படியில் கால் ஒட்டிக் கொண்டாற்போல் நின்று விடுகிறவர்களுக்கு, அடி வைக்கும் இடைவெளியில் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு வைத்தால், அவற்றைத் தாண்டுவதாக எண்ணிச் சிலர் நடந்து விடுகிறார்கள்.

வெளியில் சொல்லாத குறை

மாலை மங்கலில், "மூலையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறதே, யார்?" என்று பாட்டனார் கேட்கிறார். அங்கே ஒருவரும் இல்லை. வீட்டார் நடுங்கிப் போகிறார்கள். சிலர் மந்திரவாதியைத் தேடுகிறார்கள். சிலர் பைத்தியம் என்று அஞ்சி மூடி மறைக்கிறார்கள். இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. நோயும், சில மருந்துகளும், மங்கிய பார்வையும், குறைந்த வெளிச்சமும் சேர்ந்து இத்தகைய தோற்றங்களை உண்டாக்கும். பொழுது சாயுமுன் விளக்கை ஏற்றுவது, கண் புரை இருந்தால் கவனிப்பது, வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்வது இவையே வழி. மருந்தைத் தாமாக நிறுத்துவது அபாயகரம்.

நடுக்கத்தைத் தணிக்கும் சில மாத்திரைகள் பார்வையை மங்கச் செய்யும். சிலருக்குக் கண்ணில் நீரழுத்தத்தையும் ஏற்றிவிடும். திடீரென்று கண் சிவந்து வலித்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். கண்ணைக் கீழ்நோக்கித் திருப்ப முடியாமல் அடிக்கடி விழுகிறவருக்கு வேறொரு நோய் இருக்கக் கூடும். நரம்பு வைத்தியர்தான் அதை நிச்சயிக்க வேண்டும்.

ஒரு ஸ்டேஷன் தூரம்

1931 முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. அதில் ஏறி எழும்பூரில் இறங்கினால், 1819-ல் தோன்றிய அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியை அடையலாம். அடுத்த ஸ்டேஷனாகிய பூங்காவில் இறங்கினால், எதிரே ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியம் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே ஒரே ஸ்டேஷன் தூரம். ஆனால் கண் வைத்தியரிடம் நடுக்கத்தையும், நரம்பு வைத்தியரிடம் கண்ணையும் பற்றி நம்மில் எத்தனை பேர் சொல்லுகிறோம்? முன்னவரிடம் கண்ணாடிச் சீட்டை மட்டும் காட்டுகிறோம். பின்னவரிடம் கையை மட்டும் நீட்டுகிறோம்.

ஆகையால் வீட்டில் நடுக்கு வாதமுள்ள பெரியவர் இருந்தால், இன்றே ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: கண் எரிகிறதா, எழுத்து இரட்டிக்கிறதா, படி தெரிகிறதா, இல்லாதது தோன்றுகிறதா, என்னென்ன மருந்து எந்தெந்த வேளையில் சாப்பிடுகிறார் என்பவற்றை. அந்தக் காகிதத்தை இரு வைத்தியர்களிடமும் காட்டுங்கள். மடித்து வைத்த பத்திரிகையைப் பெரியவர் மறுபடியும் கையில் எடுக்க அதுவே முதல் வழி.