காரணம் தெரியாத காய்ச்சலா? குழந்தையின் சிறுநீரையும் பாருங்கள்

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பல் முளைக்கிறது என்பார் ஒருவர், உடம்புச் சூடு என்பார் இன்னொருவர். சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கும்போது பலருக்கும் நினைவுக்கு வராத ஒரு காரணம் உண்டு. அதுதான் சிறுநீர்த் தொற்று. காய்ச்சலோடு மருத்துவரிடம் கொண்டு வரப்படும் கைக்குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

பெரியவர்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் எரிகிறது, வலிக்கிறது என்று சொல்லத் தெரியும். எட்டு மாதக் குழந்தைக்கு அழ மட்டுமே தெரியும். காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, எடை கூடாமல் இருப்பது ஆகியவைதான் அடையாளங்கள். இவை நூறு நோய்களுக்கும் பொதுவானவை. அதனால்தான் இந்தத் தொற்று எளிதில் தவறிப்போகிறது.

தவறினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியே சிறுநீர்ப் பாதையில் ஏறித் தொற்றை உண்டாக்குகிறது. அது சிறுநீரகம் வரை போய்விட்டால் அங்கே தழும்பு விழலாம். முதல் தொற்றுக்குப் பின் ஸ்கேன் செய்து பார்த்த குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தழும்பு காணப்பட்டுள்ளது. காய்ச்சல் தொடங்கி இரண்டு, மூன்று நாள் கழித்து மருந்து தொடங்கப்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. தழும்பு அதிகமானால் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் வர வாய்ப்புண்டு.

இதற்குப் பயந்து, காய்ச்சல் என்றதும் சோதனையே இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் சரியல்ல. தொற்று இல்லாத பிள்ளைக்கு அது வீண். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போக அதுவே வழி செய்கிறது. தொற்று உள்ள பிள்ளைக்கோ, ஒன்றிரண்டு வேளை மருந்து போன பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி தெரியாமல் போகலாம். நோய் என்னவென்று தெரியும் வாய்ப்பையே அப்படி இழந்துவிடுகிறோம்.

இப்போதுள்ள சோதனைகள்

முதலாவது, சிறுநீரில் நனைக்கும் டிப்ஸ்டிக் பட்டை. சில நிமிடங்களில் முடிவு சொல்லும். இதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். ஒன்று வெள்ளணுக்களின் அடையாளத்தைக் காட்டும். லேப் ரிப்போர்ட்டில் 'பஸ் செல்ஸ்' என்று வருவதும் இந்த வெள்ளணுக்கள்தான். வேறு காரணத்தால் வரும் காய்ச்சலிலும் இவை தென்படலாம். மற்றொன்று நைட்ரைட். சிறுநீரில் உள்ள நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும். இது தெரிந்தால் தொற்று ஏறக்குறைய உறுதி. ஆனால் அந்த மாற்றத்துக்குச் சிறுநீர் பையில் நான்கு மணி நேரம் போலத் தங்க வேண்டும். கைக்குழந்தைகள் அடிக்கடி சிறுநீர் கழிப்பதால், தொற்று இருந்தும் நைட்ரைட் தெரியாமல் போவது சாதாரணம்.

இரண்டாவது, யூரின் கல்ச்சர். கிருமியை வளர்த்துப் பார்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் சொல்வது இதுதான். ஆனால் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் மருந்தைத் தொடங்குவதா, பொறுப்பதா என்று மருத்துவர் முடிவெடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பயோமார்க்கர்கள் என்ற புதிய வழி ஆராயப்படுகிறது.

பயோமார்க்கர் என்றால் என்ன?

நோய் வந்ததும் நம் உடல் சுரக்கும் சில பொருட்களின் அளவு மாறும். அந்த அளவை வைத்து நோயை அறியலாம். அப்படிப்பட்ட பொருளுக்கே பயோமார்க்கர் என்று பெயர்.

சிறுநீர்த் தொற்றில் அதிகம் பேசப்படுவது என்கால் என்ற புரதம். கிருமி பெருக இரும்புச் சத்து தேவை. அதைப் பிடித்து வர ஒரு பொருளை அது வெளியே அனுப்பும். நம் வெள்ளணுக்களும் சிறுநீரகச் செல்களும் சுரக்கும் என்கால், அந்தப் பொருளையே பற்றிக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது. ஆகவே தொற்று வந்ததும் சிறுநீரில் என்கால் கூடுகிறது. நைட்ரைட் போல இதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வில், காய்ச்சலோடு வந்த 260 இளங்குழந்தைகளின் சிறுநீர் பார்க்கப்பட்டது. கல்ச்சர்படி தொற்று இருந்த 35 பேரில் 34 பேரை என்கால் சரியாகக் காட்டியது. தொற்று இல்லாத 225 பேரில் 215 பேரை 'இல்லை' என்று சரியாகவே பிரித்தது. இது நல்ல பலன்தான். ஆனால் ஒரே இடத்தில், குறைந்த எண்ணிக்கையில் நடந்த ஆய்வு இது. சிறுநீரகம் வேறு காரணத்தால் பாதிக்கப்பட்டாலும் என்கால் கூடும். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதையும் அது சொல்லாது. ஆகவே கல்ச்சருக்கு இது மாற்றாகாது.

இரத்தத்தில் பார்க்கப்படும் புரோகால்சிடோனின், சிஆர்பி ஆகியவற்றுக்கு வேறு பயன் உண்டு. தொற்று சிறுநீர்ப் பையோடு நிற்கிறதா, சிறுநீரகம் வரை போய்விட்டதா என்று ஊகிக்க அவை உதவுகின்றன. வேறு கிருமித் தொற்றுகளிலும் இவை கூடும் என்பதால், இவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

எத்தனை புதிய சோதனை வந்தாலும் சிறுநீரைச் சுத்தமாகப் பிடித்தால்தான் பயன். அந்த வேலை பெரும்பாலும் தாய்மார்கள் கையில்தான் இருக்கிறது.

* மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

* அதற்கு மேற்பட்ட வயதில், காரணம் தெரியாத காய்ச்சல் 24 மணி நேரம் நீடித்தால், "சிறுநீர் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே கேளுங்கள். மெடிக்கலில் நீங்களாகச் சொல்லி மருந்து வாங்காதீர்கள்.

* உடலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோல் கிருமிகள் கலந்துவிடும். அதில் தொற்று இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் உறுதியாகாது. மருத்துவர் சிறு டியூப் வைத்து எடுக்கச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள்.

* வீட்டில் பிடிப்பதானால், கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டு இடையில் வருவதை லேப் தந்த டப்பாவில் பிடியுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை மெல்லத் தடவினால் குழந்தை விரைவில் சிறுநீர் கழிக்க வாய்ப்புண்டு. ஆஸ்திரேலியாவில் 2017ல் வெளியான ஆய்வில், இப்படிச் செய்தபோது 5 நிமிடத்துக்குள் 31 சதவீதக் குழந்தைகள் சிறுநீர் கழித்தன. செய்யாதபோது 12 சதவீதமே.

* பிடித்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்தால் கிருமி பெருகி முடிவு தவறாகும்.

* மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் மறுபடி காட்டுங்கள். இறங்கிவிட்டாலும் மருந்தைச் சொன்ன நாள் வரை கொடுங்கள். சிறுநீரக ஸ்கேன் எழுதித் தந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

* சுன்னத் செய்யாத ஆண் குழந்தைகளுக்கு முதல் வயதில் இந்தத் தொற்று அதிகம் வருகிறது. அதற்காக, சுன்னத் ஆன பிள்ளைக்கு வரவே வராது என்று இருந்துவிடக் கூடாது.

செலவை நினைத்துச் சோதனையைத் தள்ளிப்போடுபவர்கள், டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு அன்றைக்கே நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். கல்ச்சருக்கும் ஸ்கேனுக்கும் ஆகும் செலவில் நம்மால் இயன்றதைச் செய்கிறோம். பிள்ளையின் சிறுநீரகம் கெட்ட பிறகு ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறியது.