நீயும் நீரும்

கடவுளைத் ‘தௌ’ என்று விளிக்கும் 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தைப் படிப்போர், அஃது உயர்ந்த மரியாதைச் சொல் என்றே எண்ணுவர். உண்மையில் அது நமது ‘நீ’தான். பலரைக் குறித்த ‘யூ’, மரியாதையின் பொருட்டு ஒருவருக்கும் வழங்கலாகி, நாளடைவில் அதனைப் பொதுவழக்கினின்று விரட்டிவிட்டது.

தமிழிலும் பலரைக் குறித்த ‘நீர்’ இவ்வாறே ஒருவரை மதிக்கும் சொல்லாயிற்று. பின்னர் ‘நீங்கள்’ அதன் மேலேறியது. நாஞ்சில் நாட்டிலோ ‘நீரு’, ‘உமக்கு’, ‘ஓய்’ என்பவை இன்றும் இனிது வழங்குகின்றன.

ஆங்கிலேயர் ‘தௌ’வை விட்டனர்; நாம் ‘நீ’யை விடவில்லை. தாயையும் தெய்வத்தையும் அழைக்க அது வேண்டும். ஆனால், கலப்பையின் பெயரையே தாங்கிய அந்நாட்டிலும், நரைத்த உழவரைப் பண்ணை வீட்டுச் சிறுவன் ‘நீ’ என்றழைத்த காலம் உண்டு! அன்பின் ‘நீ’ வேறு. ஆணவத்தின் ‘நீ’ வேறு. நம் குழந்தைகளுக்கு இவ்வேற்றுமையை வீட்டிலேயே கற்பிப்போமாக.