ஊரில் ஒரு வளவு: சட்டம் யாரை வெளிநாட்டவர் என்கின்றது?

கல்முனையிலிருந்து தெற்கே செல்வோர் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து அக்கரைப்பற்று நகரை அடைவர். அங்கிருந்து பொத்துவில் வீதியில் சிறிது தூரம் சென்றால் தம்பிலுவில். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் வயலும். இடையே ஒடுங்கிய மணற்பரப்பில் தென்னையும் வேலியுமாக வளவுகள். வங்கி, வைத்தியசாலை, சந்தை யாவும் கைக்கெட்டும் தூரத்து நகரில் இருக்க, அமைதி மட்டும் ஊரில் எஞ்சியிருக்கும் இத்தகைய கிராமங்களில் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவருக்கு எழுவதில் வியப்பில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வருவோரும், பெருநாளுக்கு அக்கரைப்பற்றுக்கு வருவோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “காணி வாங்கலாமா?”

வாங்கலாமா என்பது வாங்குபவர் சட்டத்தின் கண்ணில் யார் என்பதைப் பொறுத்தது.

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (உரிமைமாற்றம் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும், 50 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட பங்குகள் வெளிநாட்டவர் வசமுள்ள உள்ளூர்க் கம்பனிகளுக்கும் காணியின் உரித்தைக் கைமாற்றுவதைத் தடைசெய்தது. 2013 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பின்னோக்கிய பலனும் இதற்குக் கொடுக்கப்பட்டது. முன்னர், 2004 முதல், வெளிநாட்டவர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரி, அதாவது நூறு சதவீத வரி, செலுத்த வேண்டியிருந்தது. வரியாக இருந்தது தடையாயிற்று. அறுகம்பைக் கரையில் பெரும் பணம் படைத்த அந்நியர் காணிகளை வளைத்துக்கொள்வர் என்ற அச்சம் நியாயமானதே. அந்த வகையில் இச்சட்டத்தை நாம் குறை கூற மாட்டோம்.

ஆனால் இச்சட்டம் ‘வெளிநாட்டவர்’ என்று குறிப்பிடுவது கடற்சறுக்கலுக்கு வரும் வெள்ளைக்காரரை மட்டுமன்று. தம்பிலுவிலில் பிறந்து, இங்குள்ள பாடசாலையில் படித்து, யுத்த காலத்தில் புறப்பட்டுச் சென்று பிரித்தானியப் பிரஜாவுரிமை பெற்ற ஒருவரும் இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிட்டவராகையால் வெளிநாட்டவரே. பெயரும் பேச்சும் ஊரும் இதனை மாற்றா. இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றவருக்கு மட்டும் தடை இல்லை. அதனை வேற்று நாட்டுப் பிரஜாவுரிமை பெறுமுன்னரே விண்ணப்பித்துத் தக்கவைக்கவும், இழந்தபின் மீளப் பெறவும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தினூடாக வழியுண்டு. இலங்கையில் சொத்து வைத்திருப்பதும் அதற்கான தகுதிகளுள் ஒன்று என்பதைப் பலர் அறியார். இருப்பதை அவசரப்பட்டு விற்றுவிட்டுப் பின்னர் விண்ணப்பிக்கச் செல்கின்றனர்.

இந்த அலைச்சலுக்கு அஞ்சி எம்மவர் கண்டுபிடித்த குறுக்குவழி, மைத்துனர் பெயரிலோ மாமன் மகன் பெயரிலோ உறுதி எழுதுவது. பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது.

இக்குறுக்குவழியின் முடிவை அறிய விரும்புவோர் இந்தோனேசியாவைப் பார்க்கலாம். அந்நாட்டின் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க அடிப்படை விவசாயக் காணிச் சட்டம், ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உரித்தைக் குடிமக்களுக்கு மட்டுமே வைத்திருக்கின்றது. வெளிநாட்டவருக்குக் கிடைப்பது ‘ஹக் பக்காய்’ எனும் பாவனை உரிமையும் குத்தகையுமே. இருந்தும், பாலித் தீவின் நகரை அண்டிய வயற் கிராமங்களில் குடியேற விரும்பிய அந்நியர் பலர் உள்ளூர்வாசி ஒருவரின் பெயரில் நிலத்தை வாங்கி, பக்கத்தில் ஓர் இரகசிய ஒப்பந்தத்தையும் எழுதி வைத்துக்கொண்டனர். அச்சட்டத்தின் 26 ஆம் பிரிவு இத்தகைய கொடுக்கல் வாங்கலைச் செல்லுபடியற்றதாக்கி, நிலம் அரசுக்குச் சேரும் என்றும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்றும் சொல்கின்றது. பெயர் கொடுத்தவர் இறந்தாலோ, அவரது பிள்ளைகள் உரிமை கோரினாலோ பணம் போட்டவருக்கு நிற்க இடமில்லை. இன்னுமொன்று: இந்தோனேசியப் பிரஜையாக இருந்து அதனை இழந்தவர் ஓராண்டுக்குள் தமது முழு உரித்தைக் கைவிட வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. எமது சட்டம் அவ்வளவு கடுமையானதன்று. முன்னரே சட்டப்படி பெற்ற காணி, பிரஜாவுரிமை மாறியதால் பறிபோவதில்லை; புதிதாகப் பெறுவதற்கே தடை.

எனினும் பினாமி உறுதியின் ஆபத்து இங்கும் அதேதான். மைத்துனர் மறுத்துவிட்டால், நீதிமன்றத்தில் தமது உரிமையை நிலைநாட்ட முற்படுபவர், சட்டம் தடுத்ததைத் தாம் செய்ததாகத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். காணியோடு உறவும் போய்விடுவதை நாம் எத்தனையோ குடும்பங்களில் கண்டிருக்கின்றோம்.

இதில் கிழக்கிற்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் இக்கரையோரத்தாருக்குப் பொருந்தாது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் இல்லாத வழமையொன்றைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேரக் கைக்கொள்கின்றனர். இங்கு வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணத்தின்போது பெற்றோர் மகளுக்கு வீட்டைக் கொடுத்து, தாம் ஒதுங்கிக்கொள்வர். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அந்தப் பெண் இன்று கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பிரஜை. அப்படியாயின் சீதன வீடு என்னவாகும்? 2014 ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவிட்டிருக்கின்றது. வெளிநாட்டவரான நெருங்கிய உறவினருக்கு நன்கொடை, மரணசாசனம் அல்லது வழியுரிமை மூலம் காணி சேர்வதை அது தடுக்கவில்லை. விலைக்கு வாங்க முடியாத வீட்டைத் தாயின் கையால் பெறலாம் என்பதே இதன் பொருள்.

ஆயின் எல்லாக் காணியும் உறுதிக் காணியன்று. சாகாமம், கஞ்சிகுடிச்சாறு போன்ற குடியேற்றப் பகுதிகளில் உள்ளவை பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. பேர்மிட், சுவர்ணபூமி, ஜயபூமி என்று மக்கள் குறிப்பிடும் இக்காணிகளைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்கவோ நன்கொடையாக எழுதவோ இயலாது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிடின், இக்கட்டளைச்சட்டம் நெடுங்காலமாக மகளுக்கு முன்னர் மகனையே நிறுத்தியது. மகளுக்கு வீடு கொடுக்கும் சமூகத்தின்மீது மகனுக்குக் காணி கொடுக்கும் சட்டம் எண்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே இப்பாகுபாடு நீங்கிற்று. வெள்ளைக் கடதாசியில் கையொப்பமிட்டுப் பேர்மிட் காணியை விற்பவரிடம் முற்பணம் கொடுத்து ஏமாந்தோர் இன்றும் உள்ளனர்.

கடலோரத்தை விரும்புவோர் 300 மீற்றர் என்ற எண்ணையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் அவ்வளவு தூரத்துக்குக் கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி தேவை. தம்பிலுவில், திருக்கோவில் போன்ற ஒடுங்கிய கரையில் இது ஊரின் கணிசமான பகுதியாகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. விதி தளர்ந்தது, கடல் தளரவில்லை. மலிவாகக் கிடைக்கும் வயலை நிரப்பி வீடு கட்டலாம் என்று எண்ணுவோரையும் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கும்.

வீடன்றி முதலீடே நோக்கமாயின், உரித்தைத் தேடி அலையத் தேவையில்லை. வெளிநாட்டவரும் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். குத்தகைமீது விதிக்கப்பட்ட 15 சதவீத வரியும் பின்னர் நீக்கப்பட்டது. பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கினூடாகக் கொண்டுவந்தால், இலாபத்தைத் திரும்ப எடுத்துச் செல்ல வழியிருக்கும். உறவினர் கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்கு அது இராது. விடுதி நடத்த எண்ணுவோர், அறுகம்பையின் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரையே என்பதையும், அதன்பின் இக்கரையில் வடகீழ்ப் பருவமழை என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். புகையிரதமோ மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. எஞ்சிய வழி பஸ்ஸில்தான்.

வாங்குவதாயினும் பெறுவதாயினும், முதலில் கல்முனைக் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கையொப்பமிட முடியாதோர் இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பலாம். அதில் இன்ன காணி, இன்ன கருமம் என்று வரையறுத்து எழுதுவது உத்தமம். வளவைப் பார்த்துக்கொள்ள ஆளை வைப்போர், அவர் அனுமதியின் பேரிலேயே இருக்கின்றார் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். எதிரிடையாகப் பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோர எமது சட்டம் இடமளிக்கின்றது.

சீதனமென்று வாயால் கொடுத்து, உறுதி எழுதாமல் விட்ட வீடுகள் இக்கரையில் ஏராளம். தாய் கண்மூடிய பின் அவ்வீடு மகளுக்கு மட்டும் உரியதாகாது. பிள்ளைகள் அனைவருக்கும் பங்காகும், முஸ்லிம்களிடையே 1931 ஆம் ஆண்டின் வழியுரிமைக் கட்டளைச்சட்டப்படி பிரியும். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும் மகள், தாய் நடமாடக்கூடிய காலத்திலேயே நொத்தாரிசிடம் அழைத்துச் சென்று நன்கொடை உறுதியை முடித்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு முற்பகல் போதும்.