கடாரத்தைப் பார்க்கப் போகுமுன் படித்துவிட்டுப் போங்கள்

கெடா, மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் காட்சியகத்திற்குப் பள்ளி விடுமுறைகளில் தமிழ்க் குடும்பங்கள் பல சென்று வருகின்றன. ஆனால், அங்கே கோபுரம் இல்லை, சிலைகளும் அதிகமில்லை. இருப்பவை பெரும்பாலும் கல் அடித்தளங்கள். அதனால் அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரும் உண்டு. புத்தகம் படித்துவிட்டு வருபவருக்கு அதே கற்கள் வேறு கதை சொல்லும்.

நம்மில் பலருக்குக் கடாரம் அறிமுகமானது அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல் புறா' போன்ற நாவல்கள் வழியாகத்தான். ஆர்வத்தைத் தூண்ட அவை நல்ல தொடக்கம். ஆனால், நாவலில் கற்பனையும் கலந்திருக்கும். அடுத்த படியாகச் சான்றுகளைப் படிக்க வேண்டும்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்திற்கு வந்த பொருள்களின் வரிசையில் 'காழகம்' என்ற சொல் வருகிறது. அது கடாரமே என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். 1025-ஆம் ஆண்டுவாக்கில் நடந்த கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களுள் ஒன்றாகக் கடாரத்தைக் குறிப்பிடுகிறது, தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி.

இதைப் படித்ததும், பூஜாங்கில் உள்ள எல்லாவற்றையும் சோழர்தான் கட்டினர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. வட்டாரத்தில் கிடைத்த புத்தகுப்தர் கல்வெட்டு, இராசேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அதில் வருபவர் ஒரு பௌத்த மாலுமி. சைவம், பௌத்தம் இரண்டும் இங்கு இருந்திருக்கின்றன. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய களங்களும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பல இனத்தாரும் வந்துபோன துறைமுகப் பகுதி இது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

இடத்தைப் பார்க்கும்போதும் ஒரு விவரம் தெரிந்திருப்பது நல்லது. சண்டி புக்கிட் பத்து பகாட் தன் சொந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. காட்சியக வளாகத்தில் உள்ள வேறு சில சண்டிகள், கண்டெடுத்த இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. எது எங்கிருந்து வந்தது என்பதைத் தகவல் பலகையில் பார்த்துக் குறித்துக்கொண்டால், ஆற்றங்கரைக் குடியிருப்புகள் எப்படிப் பரவியிருந்தன என்பது விளங்கும்.

இவற்றைப் படிப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1930-களில் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் இப்பகுதியில் அகழாய்வு செய்து, இடங்களுக்கு எண்ணிட்டு அறிக்கை எழுதினார். அவற்றுள் 11-ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்திற்காக நிலம் சீரமைக்கப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. 2013-இல் செய்தி வெளிவந்து நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அந்த இடம் பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவாகியிருக்கவில்லை.

இன்று 11-ஆம் எண் சண்டியை நேரில் பார்க்க வழியில்லை, ஏட்டில்தான் படிக்க முடியும். மற்ற இடங்களுக்கும் அந்த நிலை வராமலிருக்க, அவை இருப்பதை அறிந்தவர்கள் ஊரில் பெருக வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், புறப்படுவதற்கு முதல் நாள் இரவு கடாரத்தைப் பற்றிப் பத்துப் பக்கமாவது அவர்களோடு சேர்ந்து படிக்கலாம்.